மூன்றாம் மேசைக்காரிகள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி ஒன்று, ஜெபம் ஒன்று, மேசை மட்டும் மூன்று.

முதல் மேசையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். பாதிரிமார்களின் மகள்களும் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்களின் மகள்களும் அங்கே நாற்காலியில் உட்காருவார்கள். காலையில் ரொட்டியும் வெண்ணெயும், மத்தியானம் ஆட்டுக்கறி, சாயங்காலம் சர்க்கரை போட்ட தேநீர். இரண்டாம் மேசைக்குத் துணி கிடையாது, நாற்காலிக்குப் பதில் பெஞ்சு. ரொட்டி உண்டு, வெண்ணெய்க்குப் பதில் பாகு. கறி வாரத்தில் சில நாள். மூன்றாம் மேசைக்குக் காலையில் சோளக்கூழ், மத்தியானம் அவித்த சோளம், ராத்திரி மறுபடியும் சோளக்கூழ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் ஒரு துண்டு கறி. எந்தப் பெண்ணுக்கு எந்த மேசை என்பதை அவள் பேரில் வரும் பணம் தீர்மானித்தது. துணி வெளுப்பது, தரை கூட்டுவது, தோட்டம் கொத்துவதெல்லாம் மூன்றாம் மேசைக்காரிகளின் பாடு. ஜெபத்தில் ‘நீர் எங்களுக்குத் தந்த இந்த நல்ல ஆகாரத்துக்காக’ என்ற இடம் வரும்போது அந்த மேசையில் யாராவது ஒருத்தி மூக்கால் சிரிப்பாள்.

நொகாயாவும் ரோடாவும் ஒரே வண்டியில்தான் அந்தப் பள்ளிக்கு வந்தார்கள். இருவரும் ட்சோமோ ஆற்றுக்கு அப்பால் ஒரே ஊர்க்காரிகள். வண்டி ரோடாவின் அப்பா ஜோயல் ம்பானேயுடையது. அதை ஓட்டி வந்தவர் நொகாயாவின் அப்பா. துறைமுகத்தில் இறங்கும் கடைச் சரக்கை ஏற்றிக்கொண்டு மலைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்குவது ஜோயலின் தொழில். அவருக்குச் சொந்தமாக மூன்று வண்டிகளும், அவற்றை இழுக்கச் செந்நிற எருதுகள் ஒரு பட்டி நிறையவும் இருந்தன. ஊரில் தகரக் கூரை போட்ட வீடு அவருடையது ஒன்றுதான்.

அந்த ஊரில் ஒத்த வயதுப் பெண்பிள்ளைகள் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். முதலாளி மகளும் வண்டிக்காரன் மகளும் அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள். ரோடா கொஞ்சம் பெரிய கவளமாக எடுப்பாள் என்பதைத் தவிர நொகாயாவுக்கு அவள்மேல் எந்தக் குறையும் இருந்ததில்லை.

ரோடாவுக்கு அவள் அப்பா பணம் கட்டினார். நொகாயாவுக்கு அப்படி யாரும் இல்லை. அவள் நன்றாகப் படிக்கிறாள் என்று உள்ளூர்ப் போதகர் ஸ்காட்லாந்தில் ஒரு சபைக்கு எழுதிப்போட, அந்தச் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்து அனுப்பினார்கள். கண்ணால் பார்க்காத அந்தப் பிள்ளைகளுக்கு அவள் வருஷா வருஷம் நன்றி சொல்லி எழுத வேண்டும். ‘இங்கே உணவு நன்றாக இருக்கிறது’ என்ற வரியை ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போடுவாள். பெண்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள்.

முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் ரோடா வழக்கம்போல நொகாயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மேற்பார்வைக்காரி வந்து நொகாயாவின் தோளைத் தொட்டு, சுவரோரம் இருந்த மேசையைக் காட்டினாள். திட்டவில்லை, அதட்டவில்லை. தவறான கொக்கியில் மாட்டிய தொப்பியை எடுத்துச் சரியான கொக்கியில் மாட்டுவதுபோல அது நடந்தது.

அன்றிலிருந்து ரோடா தன் ரொட்டியில் பாதியைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். துணி காயப்போடும் கொடிகளுக்குப் பின்னால் நொகாயா காத்திருப்பாள்.

“சீக்கிரம் சாப்பிடு. யாராவது வந்துடப் போறாங்க.”

“நீ போ. நான் சாப்பிட்டுக்கிறேன்.”

“நீ சாப்பிடறத நான் பாக்கணும்டி. அப்பத்தான் எனக்குத் திருப்தி.”

ரொட்டி ருசியாக இருந்தது. பாகு ஊறிய பக்கத்தைக் கடைசியில் தின்பதற்காக நொகாயா திருப்பிப் பிடித்துக் கடிப்பாள். ரோடா கையைக் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டி பால் குடிப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வைக்குக் கீழே நொகாயா முகத்தைத் துணிப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் விழுங்குவாள். ஒருநாள் ரோடா மறந்துபோய் வரவில்லை. மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகும் நொகாயா அந்த ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்றாள். அப்படி நின்றதை நினைத்து அன்று முழுவதும் அவளுக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் ரோடா, “அடியே, நேத்து மறந்துட்டேன், கோச்சுக்காத” என்று சொன்னபோது, “எது? ரொட்டியா? எனக்கும் ஞாபகமில்ல” என்றாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இரண்டாம் மேசையில் ரோடாவுக்கும் ராஜபோகம் ஒன்றுமில்லை. முதல் மேசைக்காரிகள் அவளை ‘மாட்டு வண்டி’ என்று கூப்பிட்டார்கள். அவள் பக்கத்தில் வந்தால் சாணி வாடை அடிப்பதுபோலக் கைக்குட்டையை எடுப்பார்கள். ராத்திரி படுக்கையறையில் ரோடா அவர்கள் நடையை நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். அவளுக்கு வாய் அதிகம். இங்கிலீஷும் நன்றாக வரும்.

மூன்றாம் வருஷம் வடக்கிலிருந்து மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் வந்தது. ஆற்றைத் தாண்டாது, வேலி போட்டிருக்கிறார்கள், சிப்பாய்கள் நிற்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நோய் ஆற்றையும் தாண்டி வேலியையும் தாண்டி வந்தது. குளிர்கால விடுமுறைக்கு ரோடா ஊருக்குப் போனாள். தர்மப் பணத்தில் படிக்கும் பெண்கள் விடுமுறையிலும் பள்ளியிலேயே இருந்து வேலை செய்தார்கள், அதனால் நொகாயா போகவில்லை. திரும்பி வரும்போது ரோடா வண்டியில் வரவில்லை. தபால்காரன் கூட நடந்தும், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரனின் குதிரை வண்டியில் தொற்றிக்கொண்டும் வந்து சேர்ந்தாள். செருப்பு பிய்ந்திருந்தது.

“எல்லாம் போச்சு” என்றாள். “ஒண்ணுகூட மிச்சமில்ல. ஆத்தோரம் பூரா செத்த மாடு. நாய்கூட வேணாம்னுட்டுப் போகுது. கடைசி ஜோடிய அப்பாவே சுட்டுட்டாரு.”

“எங்கப்பா?”

“உங்கப்பா தங்கச் சுரங்கத்துக்குப் போயிட்டாரு. ஊர்ல பாதி ஆம்பளைங்க போயிட்டாங்க. போறப்ப எங்கப்பா கிட்ட வந்து சாட்டைய ஒப்படைச்சிட்டுப் போனாரு. எங்கப்பா அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு.”

தன் அப்பா சுரங்கத்துக்குள் குனிந்து போவதை நொகாயா நினைத்துப் பார்க்க முயன்றாள். வண்டியின் முன்பலகையில் நின்று சாட்டை சொடுக்குகிற மாதிரிதான் அவர் மனதில் வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ரோடா இரண்டாம் மேசையின் பெஞ்சில் கால் வைத்தபோது மேற்பார்வைக்காரி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

மூன்றாம் மேசையில் தபிதா என்றொருத்தி இருந்தாள். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். தட்டோடு வந்து நின்ற ரோடாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அடடே, வாங்க வாங்க! என்ன, ரொட்டி வழி தவறி நம்ம பக்கம் வந்துருச்சு? ஏய் புள்ளைங்களா, நகருங்கடி. மாட்டுக்காரர் மகளுக்கு எடம் விடுங்க. மாடுதான் இல்ல, மரியாதையாவது இருக்கட்டும்.”

மேசை முழுக்கச் சிரித்தது. ரோடா, நொகாயாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூழை ஒரு வாய் எடுத்து வைத்தாள். அதை விழுங்க அவள் பட்ட பாட்டை நொகாயா பார்க்காததுபோல இருந்தாள்.

அந்த வருஷம் கூழ் முன்பிருந்த கூழாகவும் இல்லை. எருதுகள் செத்ததால் சரக்கு வண்டிகள் ஓடவில்லை. புதுச் சோளம் வரவில்லை. பள்ளிக் கிடங்கின் அடியில் கிடந்த பழைய மூட்டைகளைப் பிரித்தார்கள். அவை மழையில் நனைந்திருந்தன. மாவில் பச்சைப் பூஞ்சை, சிறுசிறு வெள்ளைப் புழு. கழுவிப் போட்டாலும் வாயில் கசந்தது. மற்ற இரண்டு மேசைகளுக்குக் கோதுமை மாவு ரயிலில் வந்துகொண்டிருந்தது.

நொகாயாவுக்கு அப்போது சமையலறையில் வேலை போட்டிருந்தார்கள். சமையல்காரி மா-ராடெபே குண்டானவள், பெருமூச்சு விட்டுக்கொண்டே வேலை செய்பவள். இரண்டாம் மேசையிலிருந்து வரும் தட்டுகளை நொகாயா கழுவும்போது, மிச்சக் கறியையும் ரொட்டி ஓரங்களையும் எடுத்துக்கொள்ள விட்டுவிடுவாள். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லடி” என்று சொல்லித் திரும்பிக்கொள்வாள். நொகாயா ஒருநாள் ஒரு நல்ல ரொட்டித் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொடிகளுக்குப் பின்னால் ரோடாவைக் கூப்பிட்டாள்.

ரோடா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் பல் தடம் இருந்தது.

“இது யார் கடிச்சது?”

“தெரியல. தட்டுல இருந்துச்சு.”

“எச்சில் தட்டுலேருந்தா?”

“நல்லாத்தான் இருக்கு. பாகு பட்டிருக்கு பாரு.”

“எனக்கு வேணாம். நான் எச்சில் தின்ன மாட்டேன்.”

நொகாயா அதைத் திரும்ப வாங்கவில்லை. “ரெண்டு வருஷமா நீ எனக்குக் குடுத்தியே, அது யார் கடிச்சது?”

“அது நான் கடிச்சது! நான் உன் சிநேகிதிடி!”

“கடிச்சது கடிச்சதுதான்.”

“அதுவும் இதுவும் ஒண்ணா? நான் என் வயித்துலேருந்து எடுத்துக் குடுத்தேன்.”

“குடுத்தே. குடுத்துட்டு நின்னு பாத்தே. நான் மென்னு முழுங்கற வரைக்கும் பாத்தே. அது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியா?”

ரோடாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. “பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“பசிச்சுது” என்றாள் நொகாயா.

ரோடா ரொட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள். நொகாயா அதை எடுத்துத் தின்றாள். பிறகு சில நாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கூழ் குடித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரோடா தன் தட்டில் ஊற்றிய கூழைக் கரண்டியால் கிளறினாள். ஒரு புழுவை எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு தட்டைத் தூக்கி அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். கூழ் நாலா பக்கமும் வழிந்தது.

“என்னடி பண்றே?” என்றாள் நொகாயா.

“நான் இதைக் குடிக்க மாட்டேன்.”

“நாங்க ரெண்டு வருஷமாக் குடிக்கிறோம். உனக்கு ரெண்டு மாசத்துல நாத்தம் அடிக்குதா?”

“ரெண்டு வருஷமா நீங்க ஏன் குடிச்சீங்கன்னு எனக்குத் தெரியல.”

தபிதா தன் தட்டைப் பார்த்தாள், ரோடாவைப் பார்த்தாள். “இவ சொல்றது நியாயம்தான்” என்று தன் தட்டையும் கவிழ்த்தாள். அதன் பிறகு வரிசையாகத் தட்டுகள் கவிழ்ந்தன. நொகாயா கடைசி ஆள். எல்லாரும் அவளையே பார்ப்பது தெரிந்து அவளும் கவிழ்த்தாள். சூடான கூழ் மடியில் வழிந்தது.

மத்தியானமும் அவர்கள் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை. படுக்கையறையில் தபிதா ரோடாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். பெண்கள் தாழ்ந்த குரலில் பாட்டுப் பாடினார்கள். பசியோடு பாடும்போது குரல் நன்றாக இருப்பதாக யாரோ சொன்னாள். நொகாயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளிக்காரர்கள் எப்படி எழுதுவார்கள் என்று யோசித்தாள். இவள் கூழைக் கொட்டினாள் என்று கேட்டால் அவர்கள் உண்டியலை மூடிவிடுவார்கள். ரோடாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் பேரில் வருவது கொஞ்சமோ நஞ்சமோ, அது அவள் அப்பாவின் பணம்.

மறுநாள் காலை தலைமையாசிரியை மிஸ் கின்லாக் சாப்பாட்டு அறைக்கே வந்தாள். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பித்தான் போட்ட கறுப்பு உடை. தட்டுகளில் புதிதாகக் கூழ் ஊற்றி வைத்திருந்தார்கள்.

“நாடு முழுக்கப் பஞ்சம்” என்றாள். “உங்கள் ஊர்களில் உங்கள் தாய்மார்கள் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள். இங்கே நீங்கள் உணவைத் தரையில் கொட்டுகிறீர்கள். சாப்பிட விருப்பமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம், கதவு திறந்திருக்கிறது. பிறர் தயவில் படிக்கிறவர்கள் அந்தத் தயவை நினைத்துப் பார்க்க வேண்டும்.”

ரோடா எழுந்து நின்றாள். இங்கிலீஷில், முதல் மேசைக்காரிகளுக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் சொன்னாள்: “மேடம், தயவுசெய்து நீங்கள் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள்.”

முதல் மேசையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டாள்.

மிஸ் கின்லாக்கின் முகத்தில் சிவப்பு ஏறி இறங்கியது. அவள் நடந்து வந்து ரோடாவின் தட்டை இழுத்தாள். நின்றபடியே ஒரு கரண்டி கூழை அள்ளி வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு கரண்டியும் சாப்பிட்டாள். பிறகு கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள்.

“நான் சாப்பிட்டுவிட்டேன். இனி உங்கள் முறை.”

ரோடா வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். தபிதா தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் அசையவில்லை, மிஸ் கின்லாக்கும் அசையவில்லை.

நொகாயா கரண்டியை எடுத்தாள். கூழை அள்ளி வாயில் வைத்தாள். தகரத் தட்டில் கரண்டி படும் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ரோடா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. பாதித் தட்டு காலியானபோது அடுத்த கரண்டியின் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. கடைசியில் தபிதாவும் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ரோடா மட்டும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் இருக்கலாம் என்றார்கள். ரோடா கேட்கவில்லை. ட்சோமோ பக்கம் போகிற ஓர் உபதேசியார் கூட அவளை அனுப்ப ஏற்பாடானது.

அவள் கிளம்பிய அன்று மூன்றாம் மேசைக்காரிகள் ஆற்றில் துணி வெளுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகும் பாதை அந்தத் துறை வழியாகத்தான் போகிறது. பெண்கள் ஓடிப்போய் ரோடாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தபிதா தன் ஞாயிற்றுக்கிழமைத் தலைத்துணியை அவிழ்த்து அவள் மூட்டைக்குள் திணித்தாள். நொகாயா தண்ணீரில் நின்றபடி ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். உபதேசியார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ரோடாவே அவள் பக்கம் இறங்கி வந்தாள்.

“நீ சாப்பிட்டதுக்குக் கோவம் இல்லடி” என்றாள். “முதல்ல சாப்பிட்டியே, அதுக்குத்தான்.”

“யாராவது ஒருத்தி முதல்ல சாப்பிட்டுத்தானே ஆகணும்?”

“அது ஏன் நீ?”

“எனக்குத்தான் பழக்கம்.”

ரோடா அவளையே பார்த்தாள். “என் மூஞ்சியப் பாத்துட்டாவது சாப்பிட்டிருக்கலாம்” என்றாள்.

போர்வையின் ஒரு முனை ஆற்றோடு போக, அதைப் பிடிக்க நொகாயா குனிந்தாள். நிமிர்ந்தபோது ரோடா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுகரைக்குப் பாதி தூரம் போயிருந்தாள்.

அடுத்த வாரம் மூன்றாம் மேசையின் கூழ் மாறியது. பழைய மூட்டைகளைப் பன்றிக்குப் போட்டார்கள். கப்பலில் வந்த மஞ்சள் சோளம் ரயிலில் வந்தது. அந்த இரண்டு கரண்டிக்குப் பிறகு மிஸ் கின்லாக் இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை என்று மா-ராடெபே பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

பெஞ்சில் நொகாயாவுக்குப் பக்கத்தில் உட்கார யாரும் முன்வரவில்லை. இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். தபிதா எதிரிலிருந்து சொல்வாள்: “நல்லாக் குடி. ரோடா போட்ட சோறு.” நொகாயா குடித்தாள். மற்றவர்களும் குடித்தார்கள். பரீட்சைக் காலம் வந்ததும், கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதால், தபிதாவே வந்து அந்தக் காலியிடத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை.

நொகாயா படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து அரைநாள் நடையில் இருந்த ஒரு கிராமப் பள்ளிக்கு ஆசிரியை ஆனாள். அப்பா சுரங்கத்திலிருந்து இருமலோடு திரும்பி வந்தார். அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். ரோடாவைப் பற்றி எப்போதாவது காதில் விழும். கல்யாணம் ஆனது என்றார்கள், ஆகவில்லை என்றார்கள். ஏதோ வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் என்றார்கள்.

வெள்ளைக்காரர்களுக்குள் சண்டை மூண்டு ரயில் ரயிலாகச் சிப்பாய்கள் போய்க்கொண்டிருந்த காலம். பள்ளிக்கு வந்த சிலேட்டுப் பெட்டியை வாங்க நொகாயா கிங் வில்லியம்ஸ் டவுன் ரயிலடிக்குப் போனாள். சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரக் குடிசையிலிருந்து குடல்கறி வேகும் வாசனை வந்தது. கூடவே ஒரு குரல்.

“டேய், கரண்டிய வச்சிட்டுப் போடா! போன வாரமும் ஒண்ணு காணாமப் போச்சு. உங்க வீட்டுல என்ன, கரண்டி நட்டு வளக்கறீங்களா?”

மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். நொகாயா வாசலில் நின்றாள். உள்ளே ரோடா, உடம்பு நன்றாகப் பருத்து, தலையில் சிவப்புத் துணி கட்டி, பெரிய இரும்புச் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது.

“டீச்சரம்மா” என்றாள். “வெளியில ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க. எங்க கடையில யாரையும் தோளத் தொட்டு எழுப்ப மாட்டோம்.”

அதில் குத்தல் எவ்வளவு, வரவேற்பு எவ்வளவு என்று நொகாயாவுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள். ரோடா ஒரு தட்டு நிறைய உடைத்த சோளமும் பயறும் போட்டு, மேலே குடல்கறியை ஊற்றி வைத்தாள். நன்றாக இருந்தது. கூட்டம் குறைந்ததும் ரோடா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். முதலில் ஊர்ப்பேச்சு. ஜோயல் போன வருஷம் இறந்துபோனார். கடைசிவரை மாடு வாங்கவில்லை. காலிப் பட்டியின் வேலியை மட்டும் வருஷா வருஷம் சரிசெய்துகொண்டிருந்தாராம்.

பிறகு ரோடாவே அந்தப் பேச்சை எடுத்தாள். “அன்னிக்கு அந்தம்மா சாப்பிட மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். சாப்பிடு பாப்போம்னா பின்வாங்கிடுவாங்க, நாம ஜெயிச்சிடலாம்னு. அவங்க சாப்பிட்டுட்டாங்க. எனக்கு அதுக்கப்புறம் என்ன பேசறதுன்னே தெரியல. எல்லாரும் நான் வீராப்பா நின்னேன்னு சொல்றாங்க. நான் திகைச்சுப்போய் நின்னேன்டி.”

“நான் படிப்பு போயிடும்னு பயந்து சாப்பிட்டேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க” என்றாள் நொகாயா. “அந்தப் பயம் ராத்திரி பூரா இருந்துச்சு. காலையில பசி மட்டும்தான் இருந்துச்சு.”

“இருந்தாலும் நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.”

“இருந்தாலும் நீ மன்னிப்புக் கேட்டுட்டு இருந்திருக்கலாம். அடுத்த வாரமே நல்ல சோளம் வந்துச்சு.”

“யாரால வந்துச்சு?”

“அதுதான் சொல்றேன். வர வச்சவ இல்லாம நாங்க தின்னோம்.”

ரோடா சிரிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்தாள். “சரி, உன்கிட்ட ஒரு காரியம் இருக்கு” என்றாள். “என் தங்கச்சி மிரியம் இருக்கால்ல? உன்னை மாதிரி, புத்தகத்த விட்டு எழுந்திருக்க மாட்டா. அந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். என் பேரச் சொன்னா கதவைச் சாத்திடுவாங்க. நீ எழுதிக் குடு.”

“எழுதறேன்.”

“ரெண்டாம் மேசைக்குன்னு எழுது.”

நொகாயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “நீயா சொல்றே?”

“ஏன், நான் சொல்லக் கூடாதா? கடையில காசு வருது.”

“மேசைய எல்லாம் ஒண்ணாக்கணும்னு நீதானே அன்னிக்கு...”

“நான் எங்கடி மேசைய ஒண்ணாக்கச் சொன்னேன்? புழு இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் நீங்களாச் சேத்துக்கிட்டீங்க.” ரோடாவின் குரல் உயர்ந்தது. “மூணாவது மேசை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் தங்கச்சிய அங்க உக்கார வைக்கணுமா? உன் மகளா இருந்தா நீ வைப்பியா?”

நொகாயா யோசித்தாள். வைக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல மனமில்லாமல், “சிபாரிசு நாளைக்கு எழுதி அனுப்பறேன்” என்றாள்.

மிரியம் அந்த வருஷமே சேர்ந்தாள், இரண்டாம் மேசையில். விடுமுறையில் வரும்போதெல்லாம் நொகாயாவின் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப்போவாள், ‘சிசி’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவாள். “சிசி, மூணாம் மேசைப் பொண்ணுங்க எங்ககூடப் பேசவே மாட்டேங்கறாங்க” என்று குறைப்பட்டாள் ஒருமுறை. நொகாயா அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். அந்தப் பள்ளியில் மூன்று மேசைகளும் பிறகும் வெகுகாலம் இருந்தன.

சரக்கு வாங்க ரயிலடிக்குப் போகும்போதெல்லாம் நொகாயா அந்தத் தகரக் குடிசைக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் எப்படியாவது பேச்சு அந்தச் சனிக்கிழமைக் காலைக்குப் போய் நிற்கும். யார் முதலில் என்ன செய்திருக்க வேண்டும் என்று இருவரும் குரலை உயர்த்துவார்கள். மூட்டைக்காரர்கள் பாதியில் கரண்டியை நிறுத்திக் கேட்பார்கள். அவர்களில் சிலர் ரோடா கட்சி, சிலர் டீச்சரம்மா கட்சி.

“நீங்க என்னத்தடா கண்டீங்க?” என்று ரோடா அவர்கள்மேல் பாய்வாள். “தின்னுட்டு எடத்தக் காலி பண்ணுங்க. அடுத்த ரயில் வந்துடுச்சு.”